உப்புக் கேட்ட செம்புத் தொட்டி

தெருவில் அவரைச் செம்புக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஏழாவதோடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவர். இருபத்திரண்டு வருஷம் கூலிக்கு முலாம் பூசிவிட்டு, போன மாதம்தான் வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டுச் சொந்தத் தொட்டி வைத்தார். சாமான்களைக் கொக்கியில் மாட்டுவது மனைவி. கரண்டைப் போடுவதும் மருந்தை ஊற்றுவதும் அவர்.

அந்த மருந்தில்தான் சூட்சுமம். அது இல்லாவிட்டால் செம்பு பலாத்தோல் மாதிரி சொரசொரவென்று ஏறும். மருந்து சேர்ந்தால் மேட்டை விட்டுவிட்டுப் பள்ளத்தை நிரப்பும்; வழவழவென்று வரும்.

கதவுக் கைப்பிடி செய்யும் கம்பெனி ஒன்று ஆறு கைப்பிடிகளை மாதிரிக்குக் கொடுத்திருந்தது. மதியம் பார்க்க வருவார்கள். பிடித்தால் வருஷம் முழுக்க வேலை. இல்லாவிட்டால் பழைய முதலாளி வாசலில் போய் நிற்க வேண்டியதுதான். அன்றைக்குத்தான் புதுத் தொட்டியில் முதல் வேலை; காலையில் மாட்டிய முதல் கைப்பிடி அழுது வடிந்துகொண்டு வெளியே வந்தது. ஒரு மூடி மருந்து கூடுதலாக ஊற்றினார். இரண்டாவதும் அதே லட்சணம். மறுபடி மூடியைத் திறந்தவரின் கையை மனைவி பிடித்துக்கொண்டாள்.

"பழைய பட்டறையிலயும் இதே மருந்துதானே?"

"மருந்து அதேதான். தண்ணிதான் வேற. அங்க கரிக்கும், வாயில வைக்க முடியாது. இங்க தண்ணிய சுத்தம் பண்ற மெஷின் வாங்கி மாட்டி, எவ்வளவு சுத்தமா ஊத்தியிருக்கேன்!"

"கரிச்சப்போ பளபளன்னு வந்துச்சு. சுத்தமானதும் மூஞ்சியத் தூக்கி வச்சுக்குது. உப்பில்லாப் பண்டம் குப்பையிலேங்க."

"ஏண்டி, இது என்ன குழம்பா?"

சொன்னாரே தவிர, மனசு கேட்கவில்லை. மருந்து விற்ற ஆளுக்குப் போன் போட்டார்.

"அண்ணே, துளி குளோரைடு இல்லாம மருந்து வேலை செய்யாதுண்ணே. குழாய்த் தண்ணியில தானா இருக்கும். மெஷின் அதையும் சேர்த்து எடுத்துடும்."

"குளோரைடுன்னா?"

"சாப்பாட்டு உப்புல இருக்கே, அதான். கூடப் போட்டாலும் கெட்டுடும், பாத்துண்ணே."

மனைவி அடுப்படிக்குப் போனாள். உப்பு ஜாடியைக் கொண்டுவந்து வைத்தாள்.

தொட்டியிலிருந்து ஒரு வாளிக் கரைசலை மொண்டு, ஒரு சிட்டிகை போட்டு, பழைய பித்தளைத் துண்டைத் தொங்கவிட்டார். கால் மணி நேரம். வெளியே எடுத்ததும் விசிலடித்தார். பிறகு அதே கணக்கில் தொட்டிக்கும் அளந்து போட்டார். கெட்ட இரண்டையும் தேய்த்து, ஆறையும் மாட்டினார்கள்.

மதியம் கம்பெனியிலிருந்து வந்த அம்மாள் கைப்பிடியைக் கையில் எடுத்தாள். அப்படிப் பார்த்தாள், இப்படிப் பார்த்தாள். நெற்றி முடியை ஒதுக்கிக்கொண்டாள்.

"ஏம்மா, கைப்பிடியப் பாருங்கன்னா முகத்தப் பாக்குறீங்களே?" என்றார் செம்புக்காரர்.

"முகம் தெரியுதே, அப்புறம் என்னத்தப் பாக்க? திங்கக்கிழமை முந்நூறு வரும். கொக்கி போதுமா?"

"போதாது," என்றாள் மனைவி, அவர் வாயெடுக்கும் முன்பே.