கட்டைவிரலுக்கு ஒரு சோப்பு

பட்டறையில் அவரைப் பிரஸ்காரர் என்பார்கள். தகடு அழுத்தும் எந்திரம் வலது கையின் நான்கு விரல்களை வாங்கிக்கொண்டு கட்டைவிரலை மட்டும் விட்டுவைத்த பிறகும் அதே பெயர்தான். சாப்பிட, எழுத, பொத்தான் போட, எல்லாவற்றுக்கும் இடது கையைப் பழக்கிவிட்டார். குளியல்தான் காலை வாரியது. இடது கையால் உடம்பெல்லாம் சோப்புப் போடலாம், சரி. அந்த இடது கைக்கு யார் போடுவது? வலது கையில் பிடித்தால் சோப்பு வழுக்கி மூலைக்கு ஓடியது.

ஆகவே மனைவி உள்ளே வந்தாள். குளியலறைக் கதவு திறந்தே கிடக்கும். "கையைத் தூக்குங்க, அந்தப் பக்கம் திரும்புங்க" என்று அதிகாரம் வேறு. மனிதருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நான் குளிப்பாட்டினா என்ன, குறைஞ்சா போயிடுவீங்க?"

"ஆமாடி, குறைஞ்சுதான் போறேன். தினம் தினம்."

மச்சினன் ஒரு புட்டி திரவ சோப்போடு வந்தான். "ஒரு அமுக்கு அமுக்குனா போதும் மாமா." அமுக்கினார். விரலில்லாத கையில் அது நின்றால்தானே? வழிந்து போயிற்று. "உங்க அக்காவுக்கே குடு, நல்லா மணக்குது" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

மனைவி வீட்டிலேயே சோப்பு காய்ச்சி அக்கம்பக்கத்தில் விற்பவள். காயவைத்த கட்டிகளை ஒருநாள் முறைத்துக்கொண்டிருந்தவர் கேட்டார்: "இதுல நடுவுல ஓட்டை இருந்தா கட்டைவிரல்ல மாட்டிக்கலாம்ல?"

"சோப்பா, மோதிரமா?" என்று விழுந்து விழுந்து சிரித்தாள். ஆனாலும் கத்தியால் குடைந்து பார்த்தாள். கட்டி விண்டு போயிற்று. பிறகு வளைய வடிவக் கேக் வார்க்கும் சிலிக்கான் அச்சு ஒன்றை மலிவாக வாங்கி வந்தாள். அதன் நடுக்குமிழ் இரண்டே வார்ப்பில் கிழிந்தது. போதாததற்கு, சோப்பை அச்சிலிருந்து கழற்றித் தந்தது அவள்தான். "அதுக்கும் நான் உன் கையைப் பாத்துட்டு நிக்கணுமா? அச்சு நான் வாங்குறேன்" என்று கிளம்பிவிட்டார்.

கேக் சாமான் கடைக்காரர் பல்லெல்லாம் தெரிய வரவேற்றார். "பேரனுக்குப் பொறந்தநாளா சார்?"

"எனக்குக் குளியல்" என்றார் இவர்.

முதல் அச்சைக் கிள்ளி முறுக்கினார். மடிப்பில் வெள்ளைக் கோடு விழுந்தது. அசல் சிலிக்கான் இல்லை, கலப்படம். தள்ளி வைத்தார். அடுத்தது டயர் மாதிரி தடி. ஒற்றைக் கையால் அசைக்கவே முடியவில்லை. இன்னொன்றை வயிற்றோடு அணைத்து, வலது கட்டைவிரலை அடியில் கொடுத்து உந்தி, இடது கையால் விளிம்பை இழுத்தார். கடைக்காரர் பதறி ஓடிவந்தார்.

"சார், கிழிஞ்சா நீங்கதான் வாங்கணும்!"

"கிழியற சாமானை எதுக்கு விக்கிறீங்க? நான் சாகுற வரைக்கும் இது உழைக்கணும்."

கடையே வேடிக்கை பார்த்தது. பார்க்கட்டுமே! கையை அவர் பைக்குள் ஒளிக்கவில்லை. கடைசியில் ஒன்று சிக்கியது. குமிழும் அடியும் கனம், விளிம்பு மட்டும் இளக்கம். அடியில் உந்தியதும் காலுறை போலப் புரண்டது, விட்டதும் பழைய வடிவுக்கு வந்தது. மறுபடியும் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் பணத்தை எடுத்தார்.

மனைவி சோப்பை ஊற்றினாள். இறுகியதும் பழக்கத்தில் கையை நீட்டினாள்.

"கையை எடு!"

பல்லைக் கடித்துக்கொண்டு அவரே புரட்டினார். வளையம் மேசையில் வந்து விழுந்தது. ஓரத்தில் கொஞ்சம் சிதைந்திருந்தது.

"மூளியா இருக்கே."

"நானும்தான். இருந்துட்டுப் போறோம்."

அது காயும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு அவள் கையால் குளித்தார். காய்ந்த அன்று கட்டைவிரலில் மாட்டிக்கொண்டு குளியலறைக்குள் போனார். தண்ணீர் மொள்ளும் மக்கைத் தூக்கிக்கொண்டு மனைவி பின்னாலேயே வந்தாள். மக்கை அவள் கையிலிருந்து வாங்கி, கதவைச் சாத்தி, உள்ளே தாழ் போட்டார்.

தண்ணீர்ச் சத்தம் வெகுநேரம் கேட்டது. அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. கதவைத் தட்டினாள்.

"என்னங்க, முதுகு எட்டாதே உங்களுக்கு!"

"அழுக்காவே இருக்கட்டும்டி!" உள்ளேயிருந்து குரல் முழங்கியது. "என் முதுகு!"