சாப்பாட்டுக் கூப்பன் இல்லாத விடுமுறை

தீம் பார்க் டிக்கெட்டோடு மதியச் சாப்பாட்டுக்கும் முன்கூட்டியே பணம் கட்டினால் மலிவு என்று போட்டிருந்தது. குறித்த நேரத்துக்குள் கூப்பனைக் காட்டிச் சாப்பிட்டுவிட வேண்டும். எல்லாவற்றிலும் ஒழுங்கு பார்க்கும் எனக்கு அது பிடித்துப்போனது. கும்மிடிப்பூண்டி இரும்பு ஆலையில் வேலை செய்யும் கணவரிடம் சொன்னேன்.

"இன்னாமே நீ! கம்பெனிலதான் டெய்லி சங்கு ஊதுனா டோக்கன நீட்டிக்கினு நிக்கிறேன். லீவுலயுமா?"

"அங்க அம்மாவே சங்கு ஊதும்பா," என்று சிரித்தாள் மகள்.

எனக்கும் சிரிப்பு வந்தது. டிக்கெட் மட்டும் வாங்கினேன்.

பார்க்குக்குப் போன அன்று அவர் மூன்று மணிவரை அங்கிருந்த நீச்சல் குளத்தைவிட்டு ஏறவே இல்லை. பிறகு, ஈரத் தலையோடு உட்கார்ந்து, விலை கூடுதலான பிரியாணியை நிதானமாகச் சாப்பிட்டார். ஒருமுறைகூட மணி என்ன என்று கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.