பதவியேற்க வராத கவுன்சிலர்

கார்குழலி வக்கீலிடம் நான் குமாஸ்தா. அவர் எர்ணாவூரில் மூட்டை தூக்கியவரின் மகள். கறுப்புக் கோட்டு மாட்டியதும் எடுத்த முதல் பெரிய வழக்கே, தான் பிறந்த குடிசைகளுக்காகத்தான். கிடங்கு கட்டப்போகிறேன் என்று ஒருவர் இடிக்க வந்தபோது தடை உத்தரவு வாங்கி நிறுத்தினார். சனங்கள் விடுவார்களா? 2001-இல் அவரைக் கவுன்சிலராக்கிவிட்டார்கள். வம்பு அங்கேதான் ஆரம்பித்தது.

திருவொற்றியூர் நகராட்சியில் பதவியேற்பு நடக்கும் அதே காலையில் கோர்ட்டில் அந்தக் குடிசை வழக்கு. குடிசைக்காரர்கள் சார்பில் வாதியான கோதண்டத்தை எதிர்த்தரப்பு குறுக்கு விசாரணை செய்ய வேண்டும். இனி வாய்தா கிடையாது, ஆள் வராவிட்டால் தள்ளுபடி என்று நீதிபதி கறாராகச் சொல்லியிருந்தார். தள்ளுபடியானால் தடையும் போகும், பொக்லைன் வந்து நிற்கும்.

"பதவிய அப்பாலிக்கா கூட ஏத்துக்கலாம் ராமதாஸண்ணே. வூடு போச்சுன்னா இன்னா பண்றது?" என்று என்னிடம் சொல்லிவிட்டு வக்கீல் கோர்ட்டுக்கு வந்துவிட்டார். கோதண்டத்தைத்தான் காணோம். டவாலி ஒரு முறை பெயர் சொல்லிக் கூப்பிட்டும் ஆயிற்று. நீதிபதி கொஞ்ச நேரம் தள்ளிவைத்தார். வக்கீல் வழக்குக் கட்டை மேஜையில் வைத்துவிட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எங்கள் சனத்தின் மூளை எனக்குத் தெரியாதா? வண்டியை நேரே நகராட்சிக்கு விட்டேன். மேளமும் மாலையுமாக மொத்தக் குடிசையும் வாசலில் நின்றது, முன்னால் கோதண்டம்.

"அம்மா எங்க? மால வாடிக்கினு கீது."

"யோவ், அவங்க கோர்ட்ல உனக்காக நின்னுகினு கீறாங்கய்யா!"

"வக்கீலு பதவி ஏத்துக்கசொல்ல கேஸு எப்டிப்பா நடக்கும்?"

சொல்லும்போதே அவர் முகம் வெளுத்துவிட்டது. மாலையோடு பின்னால் ஏறினார். வழியெல்லாம் கன்டெய்னர் லாரி. நாங்கள் படியேறும்போது டவாலி கடைசி முறையாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"கீறேன் சாமி!" என்று கத்திக்கொண்டே கோதண்டம் கூண்டில் ஏறினார். மாலையை டவாலி பிடுங்கிக்கொண்டார்.

எத்தனை வருடமாகக் குடியிருக்கிறீர்கள் என்று எதிர்த்தரப்பு வக்கீல் மடக்கினார்.

"வருசம்லாம் தெர்யாது சார். தோ நிக்கிறாங்களே வக்கீலம்மா, அவங்க பொறந்தது எங்க எதிர்வூட்லதான்."

வக்கீல் தலையைக் குனிந்துகொண்டார். வழக்கு பிழைத்தது. தடையும் பிழைத்தது.

பிற்பாடு கமிஷனர் அறையில் தனியாகப் பதவியேற்றார். கைதட்டுவதற்கு என்னையும் கோதண்டத்தையும் விட்டால் ஆளில்லை. அந்தக் கோதண்டமும் வாசலிலேயே நின்று, என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட பிறகுதான் உள்ளே வந்தார்.

"இன்னிக்கு கேஸு கீஸு எதுவும் இல்லியே?"