கூடுதல் நீலம்

போனில் நாம் அனுப்பிய செய்தியை எதிராளி படித்ததும் இரண்டு டிக் நீலமாக மாறுமே, படித்தவர் கோபத்தில் இருந்தால் அந்த நீலம் கொஞ்சம் கூடுதலாக இருக்கும் என்று நான் ஒரு வாரம் நம்பினேன். ஐம்பதைத் தாண்டியவன். ஆபீஸில் நாலு பேர் வந்து யோசனை கேட்டுப் போகிறார்கள். அப்படிப்பட்ட நான், போனை ஜன்னலோரம் கொண்டுபோய் வெயிலில் சாய்த்து, நிழலில் சாய்த்து, மனைவியின் போனில் இருந்த நீலத்தோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். என்னுடையது நிச்சயமாக அழுத்தமாக இருந்தது.

“உங்க போன்ல வெளிச்சத்தைக் குறைச்சு வச்சிருக்கீங்க,” என்றாள் மனைவி.

“அதில்லை. அவன் கோபமா இருக்கான்.”

‘அவன்’ என்பது தொட்டியத்தில் வாழை போட்டிருக்கும் என் பள்ளித் தோழன். நாங்கள் மூன்று பேர். நான் தில்லை நகர். இன்னொருவன் ஸ்ரீரங்கத்தில் கணக்கு வாத்தியார், கோயில் மணியைக் கேட்டே கடிகாரத்தைத் திருத்தும் குடும்பம். ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டு வெகு காலமாகிவிட்டது. எங்களுக்குள் ஊர்தான் பெயர். தொட்டியத்தான், ஸ்ரீரங்கத்தான், தில்லை நகரான்.

ஊரடங்குக் காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பாடு முடிந்த கையோடு, வீடியோ காலில் கூடினோம். ஊரடங்கு போய்விட்டது. கூடுவது நிற்கவில்லை. மூன்று பேரும் படுத்துக்கொண்டேதான் பேசுவோம். போன் மார்மேல் நிற்கும். அதனால் இத்தனை வருடமாக நாங்கள் பார்த்துக்கொண்டது பெரும்பாலும் மூன்று தாடைகளையும் இரண்டு மின்விசிறிகளையும்தான். தொட்டியத்தானுக்கு மட்டும் மின்விசிறி கிடையாது. தோப்பில் கயிற்றுக் கட்டிலில் கிடப்பான். அவன் தலைக்கு மேல் ஒரு வாழையிலை ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். காற்றடித்தால் இலைகள் உரசி மழை மாதிரி சத்தம் போடும். தில்லை நகரில் தார் உருகுகிற வெயில். என் மார்மேல் இருக்கும் போனுக்குள் மழை. கண் செருகும். யாராவது ஒருவன் குறட்டை விடுவான். மற்ற இருவரும் குரலைத் தாழ்த்தாமல் விவாதத்தைத் தொடர்வோம். நடுவில் விழித்தவன் விட்ட இடத்திலிருந்து எதிர்ப்பான். எது பேசியது, எது கனவில் வந்தது என்று எனக்குப் பல வாரங்கள் தெரிந்ததில்லை.

விவாதம் என்றால் உலக விவகாரம் ஒன்றுமில்லை. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தவனுக்கு ஜன்னலை மூடும் உரிமை உண்டா? ரசத்துக்கு அப்பளமா, வடகமா? காவிரிப் பாலத்தைத் தாண்டுவதற்கு ஸ்ரீரங்கத்தான் “திருச்சிக்குப் போயிட்டு வரேன்” என்று விடைபெறுகிறானே, அப்படியானால் அவன் இருப்பது எந்த ஊர்? ஆரம்பத்தில் நான் சட்டதிட்டங்கள்கூடப் போட்டேன். சாப்பிட்டுக்கொண்டே பேசக் கூடாது, மனைவியைச் சாட்சிக்குக் கூப்பிடக் கூடாது, இன்னும் ஏதேதோ. ஒன்றையும் யாரும் மதிக்கவில்லை. எதிலும் யாரும் தோற்றதும் இல்லை.

இதில் எனக்கு ஒரு சொந்த லாபம் இருந்தது. என் வீட்டில் என் ஜோக்குகளுக்கு எப்போதோ ஓய்வு கொடுத்து அனுப்பிவிட்டார்கள். ஸ்ரீரங்கத்தான், “இது போன மாசமே சொல்லிட்டே,” என்பான். தொட்டியத்தான் ஒருத்தன்தான் சிரிப்பான். தோப்பில் சிக்னல் குறைவு. அவன் சிரிப்பு உடனே வராது. நான் சொல்லி முடித்து, இந்த ஜோக்கும் செத்தது என்று அடக்கம் செய்யப் போகும்போது, மேற்கே எங்கேயோ புறப்பட்டு ஆற்றில் மிதந்து வந்ததுபோல் அந்தச் சிரிப்பு வந்து சேரும். வாரம் முழுவதும் அந்தச் சிரிப்பை வைத்துத்தான் ஓட்டிக்கொண்டிருந்தேன்.

அந்த ஞாயிறு, காவிரி யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி வந்தது.

“இதுல என்னடா கேள்வி?” என்றான் தொட்டியத்தான். “எங்க ஊருல ஓடுறது அகண்ட காவிரி. முழுசு. முக்கொம்புல ரெண்டா வெட்டி, ஆளுக்கொரு துண்டுதான் உங்களுக்கு.”

“ரெண்டு துண்டும் எங்களைச் சுத்திண்டுன்னா போறது,” என்றான் ஸ்ரீரங்கத்தான். “நடுவுல பெருமாள் சயனிச்சிண்டிருக்கார். ஆறே மாலை போட்டிருக்கு. இதுக்கு மேல பாத்தியதை என்ன வேணும்?”

எனக்கு ஆறு இல்லை. தில்லை நகரில் இருப்பது டாக்டர்களும் சாப்பாட்டுக் கடைகளும்தான். ஆறில்லாதவன் வாயால்தான் ஜெயிக்க வேண்டும்.

“பார்க்கிறவனுக்குத்தான்டா ஆறு,” என்றேன். “நான் பாலத்துல ஸ்கூட்டரை ஓரமா நிறுத்தி, சும்மா நின்னு பார்க்கிறேன். மாப்ளே, நீ கடைசியா எப்போ சும்மா பார்த்தே? வாய்க்கால்ல தண்ணி வருதா, மோட்டார் இழுக்குதா, அதானே பார்ப்பே? நீ பார்க்கிறது தண்ணி. ஆறு இல்லை.”

அந்தப் பக்கம் இலைகள் மட்டும் மழை பெய்தன. சிரிப்புக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. பிறகு அவன், “சரி,” என்றான். தாடையும் இலையும் திரையிலிருந்து மறைந்தன.

நாற்பது வருடப் பழக்கத்தில் அவன் என்னிடம் “சரி” என்று சொன்னதே இல்லை.

திங்கட்கிழமை ஒரு ஜோக் அனுப்பினேன். நீலம். பதில் இல்லை. செவ்வாய்க்கிழமை நல்ல ஜோக்காக அனுப்பினேன். நீலம். மறுநாள், வாழ்நாளில் யாருக்கும் அனுப்ப மாட்டேன் என்று சபதம் செய்திருந்த ரோஜாப்பூ வைத்த காலை வணக்கப் படத்தை அனுப்பினேன். அதற்கும் நீலம், இன்னும் கூடுதலாக. போன் பண்ணினால் மணி அடித்து அடித்து ஓய்ந்தது. தண்ணீரை நம்பிப் பிழைக்கிறவனைப் பார்த்து, தண்ணீரைத் தவிர எதையும் பார்க்கத் தெரியாதவன் என்று சொல்லியிருக்கிறேன். கோடையில் வாய்க்கால் வற்றியபோது அவன் ராத்திரியெல்லாம் தோப்பில் கிடந்தது எனக்குத் தெரியும். ஸ்கூட்டரில் சாய்ந்து நின்று பார்த்தவன் நான்.

ஸ்ரீரங்கத்தானைக் கூப்பிட்டேன்.

“தொட்டியத்தான் உன்னோட பேசினானா?”

“பேசினானே. நேத்திக்குக்கூட ரொம்ப நேரம் பேசிண்டிருந்தான். நன்னா இருக்கான்.”

“என்னோட பேச மாட்டேங்கிறான்டா.”

“அதெப்படிப் பேசுவான்?” என்றான் அவன், பக்கத்து வீட்டுக்காரர் விஷயம் மாதிரி. “ஞாயித்துக்கிழமை வரைக்கும் பொறுத்துக்கோ. எல்லாம் சரியாயிடும்.” வகுப்பு மணி அடித்தது, வைத்துவிட்டான்.

இதை ஆறுதல் என்று ஒரு சாதாரண மனிதன் எடுத்துக்கொண்டிருப்பான். நான் கெடுவாக எடுத்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் கூடி என்னை முறைப்படி நீக்கப் போகிறார்கள். ஏற்கெனவே நான் இல்லாமல் பேச ஆரம்பித்துவிட்டார்கள். ஆற்றங்கரைக்காரர்கள் ஒன்று சேர்ந்துவிட்டார்கள்! மத்தியானத் தூக்கத்தில் எனக்கு ஒரு கனவு வந்தது. பாலத்தில் நிற்கிறேன், கீழே ஆறு முழுக்க அந்த டிக்கின் நீலத்தில் ஓடுகிறது, அதில் கயிற்றுக் கட்டில் ஒன்று மிதந்து போகிறது. கட்டிலில் ஆளில்லை.

“நேர்ல போய் மன்னிப்புக் கேட்டுட்டு வாங்களேன்,” என்றாள் மனைவி. “வெறுங்கையோட போகாதீங்க.”

சனிக்கிழமை காந்தி மார்க்கெட்டுக்குப் போய், இருப்பதிலேயே நல்ல பழமாகக் கொடுங்கள் என்றேன். கடைக்காரர் பெரிய பூவன் சீப்பு ஒன்றை எடுத்துக் காகிதத்தில் சுற்றினார்.

“எந்த ஊருக்குங்க கொண்டு போறீங்க?”

“தொட்டியம்.”

சுற்றிக்கொண்டிருந்த கை நின்றது. “அங்கேயிருந்துதாங்க லாரியில வருது.”

“பரவாயில்லை, கட்டுங்க. ஒரு தடவை ஊரைப் பார்த்துட்டு வரட்டும்,” என்றேன். பயத்திலும் வாய் மட்டும் அடங்குவதில்லை.

சத்திரம் பஸ் ஸ்டாண்டில் நாமக்கல் பஸ். இடது பக்க ஜன்னல் கிடைத்தது. காவிரியைத் தாண்டி, கொள்ளிடத்தையும் தாண்டி, பஸ் மேற்கே திரும்பிக் கரையோரமாக ஓடியது. மடியில் பழம். தென்னைகளுக்கு நடுவே ஆறு தெரிவதும் மறைவதுமாக வந்தது. முக்கொம்புக்கு மேலே போகப் போக அது அகன்றுகொண்டே போனது. ஓரிடத்தில் எதிர்க்கரை வெறும் புகை மாதிரி இருந்தது. வெயிலில் தண்ணீரா மணலா என்று தெரியாமல் எல்லாம் ஒன்றாக மினுங்கியது. என்ன சொல்லி மன்னிப்புக் கேட்பது என்று யோசிக்க உட்கார்ந்தவன், குணசீலம் வந்ததும் முசிறி போனதும் தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். இவன் சொன்னது உண்மைதான், முழுசு இங்கேதான் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் போய்ச் சேர்ந்தபோது, வீட்டு வாசலில் அவன் மனைவி காய்ந்த நெல்லை அள்ளிக்கொண்டிருந்தார்.

“வாங்கண்ணே! போன் பண்ணிட்டு வந்திருக்கலாம்ல?”

“பண்ணினேம்மா. அவன் எங்கே?”

“ஆத்துக்குப் போயிருக்காங்க. இந்த வாரம் பூரா சாயங்காலமானா அங்கதான் கெடக்குறாங்க. குளிக்கக் கூட இல்ல. சும்மா உக்காந்து பாக்குறாங்களாம். என்னத்தைப் பாக்குறாங்களோ, ஒண்ணும் புரியல.”

என் நெஞ்சுக்குள் கட்டில் மிதந்தது. ஓடினேன். வாழைத் தோப்புக்குள் ஓடும் ஐம்பது வயது ஆளை இலைகள் இரண்டு பக்கமும் கன்னத்தில் அறையும். மன்னிப்புக் கேட்க வந்தவனுக்கு அது பொருத்தமாகத்தான் இருந்தது. செருப்பு ஒன்று சேற்றோடு நின்றுவிட்டது.

அவன் மணலில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எதிரே ஆறு பொன்னும் பழுப்புமாகச் சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தது.

“மாப்ளே! தப்பா சொல்லிட்டேன்டா!”

திரும்பினான். ஒற்றைச் செருப்போடும் வாழைச் சீப்போடும் நிற்கும் என்னைப் பார்த்தான். வாயைத் திறந்தான், சட்டென்று கையால் பொத்திக்கொண்டான். தோள்கள் குலுங்கின. அழுகிறான் என்று நினைத்து நானும் அழுவதற்குத் தயாரானேன். அப்போது கண்ணைப் பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தான். உதட்டில் விரலை வைத்தான். என்னைக் காட்டிக் கட்டைவிரலை மேலே தூக்கினான். தன்னைக் காட்டிக் கீழே கவிழ்த்தான். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை என்று தெரிந்ததும், போனை எடுத்து ஸ்ரீரங்கத்தானை வீடியோவில் கூப்பிட்டு என் முகத்துக்கு நேரே பிடித்தான்.

“எங்கேடா நிக்கிறே நீ?” என்றான் ஸ்ரீரங்கத்தான்.

“தொட்டியத்துல. இவன் ஊமையாயிட்டான்டா!”

“அவன் தோத்துட்டான்டா, அசடு! நீ சொன்னதை யோசிச்சுப் பார்த்து ஒத்துண்டுட்டான். தோத்தவன் ஜெயிச்சவனோட அடுத்த ஞாயிறு வரைக்கும் ஒரு வார்த்தை பேசப்படாது. நீ போட்ட சட்டம்தானே?”

நான் போட்ட சட்டம்தான். யாரும் தோற்காததால் எனக்கே மறந்துவிட்டிருந்தது. அவன் தோற்க முடியும் என்பதோ, என்னால் ஜெயிக்க முடியும் என்பதோ வாரம் முழுவதும் என் புத்தியில் ஒரு தடவைகூட எட்டிப் பார்க்கவில்லை.

தொட்டியத்தான் காகிதத்தைப் பிரித்தான். பூவனைப் பார்த்ததும் மணலில் மல்லாந்து விழுந்து, சத்தம் வராமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். பிறகு ஒன்றை உரித்து எனக்குக் கொடுத்துவிட்டு, ஒன்றைத் தானும் எடுத்துக்கொண்டான். இருட்டும் வரை பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஆற்றைப் பார்த்தோம். அவன் பேசவில்லை. சனிக்கிழமைதானே.