காதுகுத்துக்கு வந்த விறகு மெஷின்

என் வீட்டுக்காரர் விறகு பிளப்பதை நம்பி உலை வைத்தால் அன்றைக்குப் பட்டினிதான். வெயில் ஏறுவதற்கு முன்பே எழுந்துவிடுவார். செருப்பைக் கழற்றித் தூரமாக விடுவார். மடியில் தீப்பெட்டி, செல்போன் ஏதாவது இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பார். ஜன்னல் கம்பியை ஒருதரம் தொடுவார். தரையில் தண்ணீர் தெளிப்பார். பக்கத்தில் ஒரு வாளி மணல் கொண்டுவந்து வைப்பார். இத்தனையும் ஆனபிறகுதான் கோடாலியைத் தொடுவார். பார்க்கிறவர்கள் ஏதோ வெடிகுண்டு என்று நினைப்பார்கள். மனுஷன் பிளப்பது சீமைக்கருவைக் கட்டை.

அவர் பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்கிற வேலையில் இருக்கிறார். அந்த அறைக்குள் போவதற்கு முன்னால் வாசலில் இருக்கும் செப்புத் தகட்டைத் தொட வேண்டும், உடம்பில் இருக்கிற கரண்டு இறங்குவதற்கு. செருப்பு கூடாது, இரும்பு கூடாது, பாலியெஸ்டர் துணி கூடாது. வேலை முடிந்ததும் மிச்சம் மீதியைத் தண்ணீரில் நனைத்துவிட்டுத்தான் கதவைச் சாத்த வேண்டும். நானும் அதே கம்பெனியில் பேக்கிங் செக்‌ஷன்தான். ஆனால் சாயங்காலம் வேனை விட்டு இறங்கும்போதே கம்பெனியை வேனிலேயே விட்டுவிட்டு வந்துவிடுவேன். அவர் வீட்டுக்குள் கூட்டிக்கொண்டு வருவார்.

இந்த வேலையால்தான் என் தம்பி எங்களோடு பேசாமல் இருந்தான். அவன் சிவகாசியில் ஓர் அச்சாபீஸில் காலண்டர் அடிக்கிறான். சில வருஷங்களுக்கு முன்னால் பக்கத்து ஊர் யூனிட் ஒன்றில் விபத்து நடந்த அன்றைக்கு, கையில் மை கூடக் கழுவாமல் எங்கள் வீட்டுக்கு ஓடி வந்தான். இவர் முழுசாக உட்கார்ந்து காப்பி குடிப்பதைப் பார்த்த பிறகுதான் அவனுக்கு மூச்சு வந்தது. மூச்சு வந்ததும் கோபமும் வந்துவிட்டது.

"மாமா, இந்த வேலை வேணாம். எங்க மொதலாளிட்ட சொல்லி வைக்கேன், அச்சாபீஸுக்கு வந்துருங்க."

"பேப்பர் அடுக்குறதெல்லாம் எனக்குச் சரிப்படாது மாப்ள. நான் சூதானமாத்தான் இருக்கேன். ஒண்ணும் ஆவாது."

"போனவகளும் அப்பிடித்தான சொல்லியிருப்பாக? எங்கக்கா தாலியறுத்து நிக்கிறதப் பாக்க என்னால முடியாது. நீங்க அந்த வேலைய விடுற வரைக்கும் இந்த வீட்டுல நான் கை நனைக்க மாட்டேன்."

சொன்னபடியே சாப்பிடுவதை நிறுத்தினான். அப்புறம் வருவதையும் நிறுத்தினான். காலண்டர் அடிக்கிற தம்பி இருந்தும் என் வீட்டுச் சுவரில் மளிகைக்கடைக் காலண்டர் தொங்கியது. என் மேல் உள்ள பாசத்தில்தான் கோபிக்கிறான் என்று தெரிந்தாலும், அந்தப் பாசத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? ஒரு வாய்ச் சோறு தின்றுவிட்டுத் திட்டினால் ஆகாதா?

இப்படி இருக்கும்போதுதான் எங்கள் சின்ன மகளுக்குக் காதுகுத்து வந்தது. குலசாமி கோயிலில் மொட்டை போட்டுவிட்டோம். காதுகுத்தை மட்டும் வீட்டு வாசலில் பந்தல் போட்டு, கிடா வெட்டிச் செய்வதாகப் பேச்சு. தாய்மாமன் மடி இல்லாமல் காது குத்த முடியாது. தம்பி பெண்டாட்டி நல்லவள், போனில் பேசினாள்: "அவுக வர்றேன்னு சொல்லிட்டாக மதினி. ஆனா மடியில வச்சுக் காது குத்துன கையோட கெளம்பிருவாகளாம். சாப்பாடு வேணாமுன்னு சொல்லச் சொன்னாக."

வேணாமா? வரட்டும் என்று கருவிக்கொண்டேன். கறி கொதிக்கிற வாசத்தில் எப்பேர்ப்பட்ட வைராக்கியமும் ஆட்டம் காணும். என் தம்பி சின்ன வயதிலேயே குழம்பு கூட்டுகிற இடத்தைச் சுற்றிச் சுற்றி வருகிற பிள்ளை. அவன் கிளம்புவதற்குள் குழம்பு கொதித்திருக்க வேண்டும், அவ்வளவுதான் என் கணக்கு.

சமையல் மாஸ்டர் கறிக்கு விறகடுப்புதான் என்று சொல்லிவிட்டார். ஒரு டிராக்டர் லோடு கருவைத் தூர் வந்து இறங்கியது. ஒவ்வொன்றும் ஆட்டுக்கல் அளவு. சீசன் நேரம், காதுகுத்துக்கு முந்தின நாள் மதியம் வரைக்கும் இவருக்கு லீவும் கிடையாது. இவர் தண்ணீர் தெளித்து, மணல் வைத்து, கம்பியைத் தொட்டுப் பிளந்தால் சின்னவளுக்குக் கல்யாணமே வந்துவிடும். நான் விறகு பிளக்கிற மெஷினுக்குச் சொல்லிவிட்டேன்.

"மெசினா? சைலன்ஸர்ல பொறி வரும்டி."

"வரட்டும். வெறகுதான?"

"நானே பொளந்துருவேன்."

"எப்ப? பொங்கலுக்கா?"

ஒரு நாள் முழுக்க மூஞ்சியைத் தூக்கி வைத்திருந்துவிட்டுக் கடைசியில் சம்மதித்தார். காதுகுத்துக்கு முந்தின நாள் மதியம் டிராக்டரின் பின்னால் மெஷின் வந்தது. திருகாணி போல ஓர் இரும்புக் கூம்பு. அது சுற்றச் சுற்றக் கட்டையைக் கொண்டுபோய் முட்டக் கொடுத்தால் உள்ளே ஏறி இரண்டாகப் பிளந்துவிடும். எனக்கு ஒரே குஷி. இவரோ மெஷின்காரத் தம்பியை வாசலிலேயே மறித்தார்.

"தம்பி, செருப்பக் கழட்டிருங்க. செல்லு வச்சிருந்தா அணைச்சு வெளிய வைங்க. இது என்ன சட்டை, பாலியெஸ்டரா?"

அந்தத் தம்பி என்னைப் பார்த்தான், இவரைப் பார்த்தான், விறகைப் பார்த்தான். "அண்ணே, இத எரிக்கத்தான வாங்கியிருக்கீக?" என்றான்.

நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே ஓடிவிட்டேன். தெருவே வேடிக்கை பார்த்தது. மெஷின் கடகடவென்று உழைத்துத் தூரையெல்லாம் பிளந்து மலையாகக் குவித்தது. கணுக்கட்டைகள் சிலது மட்டும் ஒத்துழைக்கவில்லை. "இது முறுக்குக் கட்டைக்கா, மெசின் திணறும்" என்று அவற்றைச் சுவரோரம் உருட்டிவிட்டு அந்தத் தம்பி அடுத்த ஊருக்குப் போய்விட்டான். இவர் குவியலைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார். நான் பூ வாங்க சிவகாசிக்குப் போய்விட்டு இருட்டுகிற நேரத்தில் திரும்பினேன். விறகின் மேல் தார்ப்பாய் விரித்து, நாலு மூலைக்கும் கல் வைத்து, அழகாக மூடியிருந்தார். பொறுப்பான மனுஷன் என்று மனசுக்குள் மெச்சிக்கொண்டேன். மெச்சியிருக்கவே கூடாது.

காலையில் மாஸ்டர் தார்ப்பாயை விலக்கி விறகை அடுப்பில் வைத்தார். புஸ் என்றது. மண்ணெண்ணெய் ஊற்றினார். மண்ணெண்ணெய் மட்டும் எரிந்து அணைந்தது. தென்னை மட்டை, பழைய அட்டைப்பெட்டி, பந்தல்காரர் வைத்திருந்த சணல் எல்லாம் உள்ளே போனது. புகை வந்ததே தவிர, தீ வரவில்லை.

"ஊரு உலகத்துக்கெல்லாம் தீப்பெட்டி அனுப்புற ஊருல ஒரு அடுப்பப் பத்த வைக்க முடியலயே தாயி!" என்று மாஸ்டர் தலையில் அடித்துக்கொண்டார்.

இதற்குள் தம்பி வந்துவிட்டான். சீர்த்தட்டைக் கொடுத்தான். என் முகத்தைப் பார்க்காமல் "நல்லாருக்கியா" என்று கேட்டான், ஏதோ பஸ்ஸில் பக்கத்து சீட்டில் இருப்பவளைக் கேட்பதுபோல. ஆசாரி சின்னவளின் காதில் ஊசியை வைத்ததும் அவள் மாமன் மடியில் கிடந்து வீறிட்டாள். புகையில் பந்தலே கண்ணீர் விட்டுக்கொண்டிருந்தது. வெளியூரிலிருந்து வந்த ஒரு பெரியம்மா, குழந்தைக்காகத்தான் எல்லோரும் அழுகிறார்கள் என்று நினைத்து, "என்ன பாசமான சனங்க!" என்றாள்.

காது குத்தியாயிற்று. தம்பி எழுந்து வேட்டியைத் தட்டினான். குழம்பு வாசத்துக்கு வழியே இல்லை. அண்டாவில் கறி பச்சையாகக் கிடந்தது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. போகாதேடா என்று வாய்விட்டுச் சொல்லவும் ரோஷம் விடவில்லை.

வண்டிச் சாவியை எடுத்தவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு மாஸ்டரிடம் கேட்டான்: "என்னண்ணே, இம்புட்டுப் பொகை?"

"வெறகு பூராம் ஈரம் தம்பி. மழையே இல்லாத ஊருல இது எங்கன நனைஞ்சதுன்னு தெரியல."

எல்லோரும் என் வீட்டுக்காரரைப் பார்த்தார்கள். ஏனென்றால் அவர் ஒருவர்தான் யாரையும் பார்க்காமல் நின்றார்.

"நாந்தான் நனைச்சேன்" என்றார்.

"எதுக்கு மாமா?" இத்தனை வருஷத்துக்குப் பிறகு தம்பி அவரிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"மெசின்ல பொளந்தது மாப்ள. தொட்டுப் பாத்தேன், சூடா இருந்துச்சு. ஒரு கட்டையில லேசாப் பொகைகூட வந்துச்சு. பக்கத்துல ஓலைப் பந்தலு. மனசு கேக்கல. ஒரு டிரம் தண்ணிய ஊத்தி ஆற வச்சு மூடிட்டேன். கம்பெனில அப்பிடித்தான மூடுவோம்?"

பாத்திரம் கழுவ நான் காசு கொடுத்து வாங்கி வைத்திருந்த டிரம்! எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த விறகை நான் முறைத்திருந்தாலே பற்றியிருக்கும். ஆனால் தம்பி சிரிக்க ஆரம்பித்துவிட்டான். கொஞ்சநஞ்சமல்ல, பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு, குனிந்து, உட்கார்ந்து சிரித்தான். இவர் பாவம்போல நின்றார்.

சிரித்து முடித்ததும் சாவியைச் சட்டைப்பையில் போட்டான். சட்டையைக் கழற்றிப் பெண்டாட்டி கையில் கொடுத்தான். "சுவரோரம் கெடக்குறது என்னது?"

"முறுக்குக் கட்டை. மெசின் வேணாமுன்னு தள்ளுனது. அத நனைக்கல" என்றார் இவர்.

"அத ஏன் விட்டீக?"

"மெசின் தொடாதது எப்பிடிச் சூடாவும்?"

"அது சரி. கோடாலிய எடுங்க."

இரண்டு கோடாலிகள் வந்தன. மெஷினுக்கே மசியாத கணுக்கட்டையை இரண்டு பேரும் எதிரெதிரே நின்று அடித்தார்கள். தம்பிக்குப் பேப்பர் தள்ளிப் பழகிய கை. நாலு அடியில் உள்ளங்கை சிவந்துவிட்டது. "மாப்ள, காலண்டர் தாள் கிழிக்கிற மாதிரி அடிக்கீக" என்றார் இவர். "நீங்க பேசாதீக மாமா, ஊரையே பொகையில போட்டுட்டு" என்றான் அவன். கணு இருக்கும் பக்கத்தைத் திருப்பி, ஓரத்தில் அடிக்கச் சொல்லி இவர் காட்டிக் கொடுத்தார். ஒருவழியாகச் சிராய் சிராயாகப் பிளந்து அடுப்புக்குப் போனது. தீ பிடித்தது. அந்தத் தீயின் பக்கத்தில் ஈரக் கட்டைகளை அடுக்கிக் காயவைத்து ஒவ்வொன்றாக உள்ளே தள்ளினார் மாஸ்டர். இதைச் சொல்வதால் கையால் பிளப்பதுதான் உசத்தி என்று யாரும் எனக்குச் சொல்ல வர வேண்டாம். அடுத்த விசேஷத்துக்கும் நான் மெஷினுக்குத்தான் சொல்வேன். இவரை மட்டும் அன்றைக்கு எங்கேயாவது அனுப்பிவிடுவேன்.

பந்தி போடும்போது மதியம் தாண்டி வெகுநேரமாகிவிட்டது. இலை போட்டதும் தம்பி வந்து உட்கார்ந்தான். யாரும் கூப்பிடவில்லை. நான் சோற்றை வைத்துக் குழம்பை ஊற்றினேன். அவன் ஒரு வாய் வைத்தான். இன்னொரு வாய் வைத்தான். நான் கரண்டியோடு அப்படியே நின்றேன்.

எதிரே இவர் தண்ணீர் ஊற்றிக்கொண்டு போவதைப் பார்த்தபடியே சொன்னான்: "யக்கா, வெறகையே நனைச்சு வைக்கிற மனுசன். இவருக்கு ஒண்ணும் ஆவாதுக்கா."

அப்படி யாரும் சொல்லிவிட முடியாது. சூதானமாக இருந்தவர்களையும் இந்த ஊரில் பாடையில் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். அது எனக்குத் தெரியும், இங்கேயே பிறந்து வளர்ந்த அவனுக்கும் தெரியும். தெரிந்தேதான் சொன்னான். வேன் ஏறி இவர் போகிற ஒவ்வொரு காலையிலும் நான் கேட்க ஆசைப்பட்டது அந்த ஒரு வார்த்தையைத்தான்.

அவன் இலையில் இன்னொரு கரண்டி கறியை வைத்தேன்.

"இன்னொருக்கா சொல்லுலே" என்றேன்.