கெண்டையும் இல்லை, கெளுத்தியும் இல்லை

மருதமுனையில் இருந்த எங்கள் வீட்டைக் கடல் எடுத்துக்கொண்டு போன பிறகு, நாவிதன்வெளியில் மாமா வீட்டில் போய் இருந்தோம். எனக்கு எட்டு வயது. சோகமாக இருக்க வேண்டிய காலம்தான். ஆனால் வாசலிலேயே வாய்க்கால் ஓடும்போது எட்டு வயதுக்காரி எவ்வளவு நேரம் சோகமாக இருப்பாள்?

ஒரு காலையில் நுளம்புவலைத் துண்டை விரித்து ஒரு மீனைப் பிடித்தேன். என் சின்ன விரல் நீளம்கூட இல்லை. அதை ஜேம் போத்தலில் விட்டு வாப்பாவிடம் ஓடினேன். வாப்பா கடல் தொழில் செய்தவர். வாலை மட்டும் பார்த்தே மீனின் பேரைச் சொல்லிவிடுவார். மாமா வீட்டுக்கு வந்ததிலிருந்து அவர் யாருடனும் அதிகம் கதைப்பதில்லை.

போத்தலை வெளிச்சத்தில் பிடித்துக் கனநேரம் பார்த்தார். "தெரியாது புள்ள" என்றார்.

வாப்பாவுக்குத் தெரியாத மீனும் உலகத்தில் இருந்தது!

வயலுக்குப் புறப்பட்ட மாமா எட்டிப் பார்த்தார். "கெண்டைக் குஞ்சு மச்சான்."

"கெண்டை அகலமா இரிக்குமே. இது ஒடுங்கின உடம்பு."

"அப்ப கெளுத்தி."

"மீசை எங்க? கெளுத்திக்குச் செதிலும் இல்லையே. இதுக்கு இரிக்கி."

மாமாவுக்கு நேரமாகிவிட்டது. "ஏதோ ஒரு குஞ்சு மீன். எல்லாம் ஒண்டுதான், விடுங்க."

"எல்லாம் ஒண்டு இல்ல மச்சான்!" வாப்பா போட்ட சத்தத்தில் குசினியிலிருந்து உம்மா ஓடிவந்தார். "பார்க்காம ஏதோ ஒண்டு எண்டு சொல்லப்படாது. அடையாளம் இரிக்கும். பார்க்கணும்."

மாமா மண்வெட்டியை வைத்துவிட்டுப் பக்கத்தில் குந்தினார். கண்ணுக்குப் பின்னாலிருந்து வால் வரை, பேனையால் இழுத்ததுபோல ஒரு கறுப்புக் கோடு. வால் இரண்டாகப் பிளந்திருந்தது. வாய் சற்று மேல்நோக்கி. வாப்பா போத்தலைத் திருப்பி வயிற்றைக் காட்டினார். மெல்லிய தோலுக்குள் மஞ்சளாக, பொடிப்பொடியாக முட்டைகள்.

"குஞ்சு இல்ல. இது வளர்றதே இவ்வளவுதான். தாய் மீன்."

"ஓம் மச்சான்" என்றார் மாமா, மெதுவாக.

வாப்பா செருப்பைக் கழற்றிவிட்டு வாய்க்காலில் இறங்கி மீனை விட்டார். நான் அழுதேன். பிறகு, பேர்கூடத் தெரியாத மீனுக்காக வாப்பா மாமாவோடு சண்டை பிடித்த கதையை வீடு வீடாகச் சொல்லிச் சிரித்தேன். வாப்பாவும் கூடச் சிரிப்பார்.

வாப்பாவின் தம்பி, என் சாச்சா, வீடு போன அன்றே கடலில் மூழ்கி மௌத்தானது எனக்கு அப்போதே தெரியும். எப்படிக் கிடைத்தார் என்பது தெரியாது. என் கலியாணத்துக்குப் பிறகுதான் உம்மா சொன்னார். வரிசையாகக் கிடத்தியிருந்த மையத்துகளில் முகத்தை வைத்து எவரையும் இன்னார் என்று சொல்ல முடியவில்லையாம். எல்லோரையும் ஒன்றாக அடக்கிவிடுவோம் என்று ஊரார் அவசரப்பட்டபோது, "கொஞ்சம் பொறுங்க" என்று சொல்லி, வாப்பா ஒவ்வொருவராகக் குனிந்து பார்த்துக்கொண்டே போனாராம். இடது காலில் ஒட்டிப் பிறந்த இரண்டு விரல்களைக் கண்ட இடத்தில் உட்கார்ந்துவிட்டாராம்.