லாரிப் பட்டாவில் அடித்த கோல்ஃப் மட்டை

ஓசூரில் இரும்பைக் காய்ச்சி அடிக்கிற நல்ல ஃபோர்ஜிங் வேலை வேண்டுமென்றால் இன்றைக்கும் என் பட்டறைப் பக்கம்தான் கை காட்டுவார்கள். ஐந்தாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடம் எனக்கு ஒத்துவரவில்லை. ஆனாலும் படித்த இன்ஜினியர்கள் வரைபடத்தை என் முன்னால் விரித்து, "நீங்க பாத்துச் சொல்லுங்க" என்று நிற்கிறார்கள். பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்கும்தான்.

இரும்பைப் பற்றி எல்லாம் தெரியும் என்ற நினைப்பு எனக்கு டவுசர் போட்ட காலத்திலேயே வந்துவிட்டது. அப்போது அப்பா சிப்காட்டில் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்ட் ஆள். டிராக்டர் உருப்படிகள் அடிப்பார். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் பின்னால் சின்ன உலை மூட்டி, கெலமங்கலம் சந்தைக்குக் கொடுவாள் அடிப்பார்.

கம்பெனி மேனேஜர் பெங்களூர்க்காரர். கோல்ஃபில் கோப்பை வாங்கிய கை. ஒருநாள் ஆட்டத்தில் வந்த ஆத்திரத்தில் ஒரு மட்டையை ஏரியில் வீசிவிட்டாராம். வெளிநாட்டு இரும்பு மட்டைகள். வரிசையில் ஒவ்வொன்றும் முன்னதைவிடக் கொஞ்சம் குட்டை, கொஞ்சம் அதிகச் சாய்வு. போனதற்கு முன்னதையும் பின்னதையும் அப்பாவிடம் கொடுத்தார்.

"அண்ணனும் தம்பியும் இருக்காங்க. நடுப்பிள்ளைய நீ பெத்துக் குடுப்பா. உன்னைப் பர்மனென்ட் பண்ண நான் பேசறேன்."

அந்த ஒரு சொல்லில் எங்கள் வீட்டுச் சோற்றுக்கே ருசி கூடியது. அம்மா மட்டும் மட்டையின் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "கைப்புடி இல்லாத கரண்டி கணக்கா இத்தினூண்டு இருக்குது. இதுல பந்து எங்க படும்?"

"நல்லா ஆடறவங்க சின்னதாத்தான் கேப்பாங்களாம்" என்றார் அப்பா. பிறகு ஓரத்தில் அரத்தை லேசாக வைத்துப் பார்த்தார். முகம் சுருங்கிப்போனது. "மெழுகாட்டம் இருக்குதுடா. பாவம் மனுசன், வெளிநாட்டுக்காரன் நல்லா ஏமாத்திப்புட்டான்."

மெத்தென்ற இரும்பில் கொடுவாள் அடித்துக் கொடுத்தால் சந்தையில் மூஞ்சியில் விட்டெறிவார்கள். அந்த ரோசத்தில், தேன்கனிக்கோட்டை சாலையில் லாரி ஒர்க்ஷாப் வைத்திருந்தவரிடம் கெஞ்சி லாரியின் பாரம் தாங்குகிற விறைப்பான ஸ்பிரிங் பட்டா ஒன்று வாங்கிவந்தார். அதை அடித்து, சாய்வு பார்த்து, சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் முக்கி இறுக்கினார். ஆறியதும் நான் சுண்டினேன். வெண்கல மணி தோற்றது. தெருப் பையன்கள் எல்லாரையும் கூப்பிட்டுச் சுண்டிக் காட்டினேன்.

மேனேஜர் தன்னிடமிருந்த கம்பொன்றைப் பொருத்தி, கம்பெனிக்குப் பின்னாலிருந்த காலி நிலத்தில் ஓர் அடி அடித்தார். பந்து கர்நாடகாவைப் பார்த்துப் பறந்தது. "பார்டர் தாண்டிருச்சு!" என்று குதித்தேன். அவரோ வலித்ததுபோல் மணிக்கட்டை உதறிக்கொண்டார். பிறகு, தான் நிற்கும் வாகுக்கு மட்டையின் கழுத்தைக் கொஞ்சம் வளைக்க வேண்டும் என்று அதைக் கொட்டகையோரம் இருந்த வைஸ் இடுக்கியில் பிடித்து அழுத்தினார். டக்கென்று ஒரு சத்தம். தலை தனியாக மண்ணில் விழுந்தது.

"ஏனப்பா, இரும்பு கேட்டா கண்ணாடி செஞ்சிருக்கியே!"

"எங்கப்பா இரும்பு ஒண்ணும் கண்ணாடியில்ல. நீங்க முறுக்குனதுதான் தப்பு" என்றேன் நான்.

"டேய், வாய மூடு" என்றார் அப்பா. "இன்னொண்ணு அடிச்சுத் தர்றேன் சார்."

இரண்டாவதை மெத்தென்ற இரும்பில் அடித்தார், எண்ணெயில் முக்கவில்லை. சுண்டினால் தொப்பென்றது. வீட்டு மானம் போச்சு என்று இந்த முறை தெருப் பையன்கள் யாரையும் நான் கூப்பிடவில்லை. பர்மனென்ட்டும் போச்சு என்று அம்மா மூக்கைச் சிந்தினாள்.

இந்த முறை கழுத்து சொன்னபடி வளைந்தது. மேனேஜர் கைக்குட்டையைத் தூரத்தில் விரித்துவிட்டு வந்து அடித்தார். பந்து பார்டர் பக்கமே போகவில்லை. கைக்குட்டைக்குப் பக்கத்தில் போய்ச் சோம்பேறி மாதிரி உட்கார்ந்துகொண்டது. அவர் மட்டையை இறக்காமல் அப்படியே நின்றார். "மட்டை முகத்துல எந்த இடத்துல பந்து பட்டதுன்னு கைக்குத் தெரியுதுப்பா" என்றார், யாரிடமோ சொல்வதுபோல.

பர்மனென்ட் ஆர்டர் வந்தது. இரக்கப்பட்டுக் கொடுத்தார் என்றே வெகுகாலம் நினைத்திருந்தேன். உடைந்துபோன அந்தத் தலையைப் பொறுக்கிவந்து, எங்கப்பா அடித்ததிலேயே நல்ல சாமான் இதுதான் என்று ஊரெல்லாம் காட்டினேன்.

இரண்டு தடவையும் நாங்கள் எல்லாரும் பந்து போன திசையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அப்பா பந்தைப் பார்க்கவேயில்லை. மேனேஜரின் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பறக்கிற பந்தைப் பார்க்காமல் மனுசன் எதைப் பார்க்கிறார் என்று அன்றைக்கு எனக்கு எரிச்சலாக வந்தது.